தரை தொடாத ஜோடிக்கு மூன்று மார்க்

கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அழகுராஜும் அவன் மனைவி செண்பகவல்லியும் 'ஜோடிக் கால்கள்' நடனப் போட்டியின் ஆறாவது வாரத்தில், பாட்டின் இரண்டாவது சரணத்தில், தரையை விட்டு நான்கு விரற்கடை மேலே எழும்பி, மீதிப் பாட்டு முழுவதையும் காற்றில் நின்றபடியே ஆடி முடித்தார்கள். அந்த வாரம் அவர்களுக்குப் பத்துக்கு மூன்று மார்க் போட்டாள் நடுவர் ஜெயக்கொடி.

பக்கத்து நாற்காலி நடுவர் வசந்தன் ஒரு காலத்தில் நாலு படங்களில் கதாநாயகனாக நடித்தவர், இப்போது எதைப் பார்த்தாலும் அழுகிறவர். அன்றைக்கும் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பத்து என்று எழுதிய அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஜனங்கள் விசிலடித்து ஓயும்வரை காத்திருந்துவிட்டு ஜெயக்கொடி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ரெண்டாவது சரணத்துல தாளம் தப்பு. திரும்புறப்ப தோள் முதல்ல வந்துடுது, இடுப்பு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வருது. காலைப் பத்தி நான் என்னத்தைச் சொல்ல? தரையில பட்டாத்தானே சரியா தப்பான்னு தெரியும்? மூணு."

"மேடம், அவங்க மிதந்தாங்க," என்றான் தொகுப்பாளன், அவள் கவனிக்காமல் இருந்துவிட்டாளோ என்கிற கவலையோடு.

"பார்த்தேன். பலூன்கூடத்தான் மிதக்குது. அதுக்கு யாரும் மார்க் போடுறதில்லை."

ஜெயக்கொடிக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. அதில் இருபத்திரண்டு வருஷத்தை சினிமாவில் கூட்ட நடனக்காரியாக, கதாநாயகிக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இடமிருந்து ஐந்தாவது ஆளாக ஆடியே கழித்தவள். மூன்றாவது வரிசைக்காரியின் முகத்தைக் கேமரா பார்ப்பதில்லை, அதனால் அவளும் மற்றவர்களின் முகத்தைப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, கையையும் காலையும் எடையையும் மட்டுமே பார்க்கப் பழகியிருந்தாள். பின்னாளில் அவளே நடனம் அமைத்து, மாஸ்டர் என்று பெயர் வாங்கி, இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது அந்தப் பார்வையும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. சேலத்து ஜோடியிடம், "நீங்க ஆடலை, ஒரு பீரோவை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு மாடி ஏத்திக்கிட்டிருக்கீங்க" என்றாள். கடலூர் ஜோடியிடம், "கல்யாணப் பந்தியில இடம் பிடிக்க ஓடுற மாதிரி மேடைக்கு வர்றீங்க" என்றாள். ஒரு மாப்பிள்ளைப் பையனின் சிரிப்பைப் பார்த்து, "பல்லால ஆடாதே" என்றாள். முதல் ஐந்து வாரமும் நாடே அவள் நாக்குக்காகத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் காத்திருந்தது. அவள் கொட்டக் கொட்ட, கொட்டு வாங்காதவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அழகுராஜும் செண்பகவல்லியும் ஏழாவது வாரம் ஒரு சாண் உயர்ந்தார்கள், எட்டாவது வாரம் முழங்கால் உயரம், ஒன்பதாவது வாரம் இடுப்புயரம். அழகுராஜ் இடது கையால் மனைவியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு வலது கையைக் கூட்டத்தைப் பார்த்து வீசினான். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கயிறு இருப்பதாகக் கடலூர் ஜோடி புகார் கொடுத்ததால் மேடைக்கு மேலே ஏணி போட்டுத் தேடினார்கள். இரண்டு பழைய பல்புகளும் ஒரு குருவிக்கூடும்தான் கிடைத்தன. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, ஜனங்கள் அடுத்த வேலையைப் பார்த்தார்கள். அடுத்த வேலை என்பது, அந்த அதிசயத்தை வீட்டுக்குள் எங்கே வைப்பது என்பதுதான். கல்யாண மண்டபங்களில் வாசல் வாழைமரத்துக்குப் பக்கத்தில் அழகுராஜும் செண்பகவல்லியும் மிதக்கிற படம் ஆளுயரத்துக்கு வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணுக்கு சமைக்கத் தெரியும், பாடத் தெரியும்" என்பதோடு, "புருஷன் கை பட்டா லேசாயிடுவா" என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சண்டைக்கார தம்பதிகளை உறவுக்காரர்கள் கோவில்பட்டிக்கு அழைத்துப்போய், அழகுராஜின் ஃப்ளெக்ஸ் கடை வாசலில் கைகோத்து நிற்கவைத்துத் திரும்பக் கூட்டிவந்தார்கள். சில பேருக்குக் குதிகால் மட்டும் எழும்பியதாகச் சொன்னார்கள். நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்த டைல்ஸ் கம்பெனிக்காரர்கள், தங்கள் தரையில் கால் படவேயில்லை என்று முதல் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாவது வாரம் 'மிதிக்க மனம் வராத பளபளப்பு' என்று வாசகத்தை மாற்றிக்கொண்டு சமாதானமானார்கள். விவாத நிகழ்ச்சியில் நான்கு பேர் உட்கார்ந்து, மிதப்பது தமிழ்ப் பண்பாடா இல்லையா என்று ஒரு மணி நேரம் கத்தினார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்று: அவன் காதலால் அவளைத் தூக்குகிறான், அவள் அதனால் எழும்புகிறாள்.

ஜெயக்கொடி மட்டும் வாராவாரம் மூன்று போட்டாள். ஒரு வாரம் இரண்டரை.

சனம் அவளுக்கு எதிராகத் திரும்பியது மழை திசைமாறுவதுபோல, யாரும் முடிவு செய்யாமலே நடந்தது. சாலிகிராமத்தில் அவள் குடியிருந்த தெருவில் ஆட்டோக்காரர்கள் அவளைப் பார்த்ததும் மீட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்கள். பால்காரர் எதிர் வீட்டோடு திரும்பிப்போனார். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒற்றைச் செருப்புகள் கிடந்தன. வீசுகிறவர்கள் ஜோடியாக வீசினால் அவளுக்குப் பயன்பட்டுவிடும் என்று யோசித்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மாடியேறி வந்து, செருப்பில்லாத காலோடு நின்றுகொண்டு, "உங்களுக்கு நல்லது எதையுமே பிடிக்காதா மேடம்? என் சம்சாரம் ராத்திரிச் சாப்பாடே சாப்பிடலை" என்றார்.

"தாளம் தப்புன்னு சொன்னா உங்க சம்சாரத்துக்கு ஏன் சார் பசிக்காம போகுது?"

"புருஷன் பொண்டாட்டி ஒத்துமையா இருந்தா உங்களுக்குக் கண்ணு பொறுக்கலை, அதான்." சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். ஜெயக்கொடி தனி ஆள்; கல்யாணம் செய்துகொள்ளாதவள். அதுவரை யாரும் குற்றமாகச் சொல்லாத அந்த விஷயம், அன்றிலிருந்து தெரு முழுவதற்கும் ஒரு விளக்கமாகிவிட்டது.

அவளுக்கும் கோபம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். தன்னை ஏசுகிற சனத்தை அவள் உள்ளுக்குள் பதிலுக்கு ஏசிக்கொண்டுதான் படுத்தாள். ஆனால் பத்தாவது வாரம், அந்த ஜோடி ஆளுயரத்துக்கு எழும்பி விளக்கு வெளிச்சத்துக்குள் சுற்றியபோது, எல்லாரும் அண்ணாந்து அவர்கள் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பழைய மூன்றாவது வரிசைப் பழக்கத்தில் கைகளைப் பார்த்தாள். ஒருத்தியைத் தூக்குகிறவனின் கை கீழேயிருந்து மேலே தாங்கும், தோள் இறங்கும், மூச்சு வயிற்றுக்குப் போகும். அழகுராஜின் கை தலைக்கு மேலே நீண்டிருந்தது. தோள் காதோடு ஒட்டியிருந்தது. கிணற்றுக் கயிற்றைப் பிடித்தவன்போல அவன் அவள் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"உன் கை ஏன் மேலே போகுது அழகுராஜ்?" என்று மைக்கில் கேட்டாள். அவன் சிரித்தான். ஒளிபரப்பில் அந்தக் கேள்வியை வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் பயிற்சி முடிந்த மத்தியானம் ஒப்பனை அறையில் செண்பகவல்லி தனியாக உட்கார்ந்து கையில் பவுடர் அப்பிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான பெண். ஜெயக்கொடியைப் பார்த்ததும் எழுந்தாள்; எழுந்த வேகத்தில் உள்ளங்கால் நாற்காலியின் கால்பலகை உயரத்துக்குப் போய், மெல்ல இறங்கியது.

"கையைக் காட்டு."

காட்டினாள். பவுடருக்குக் கீழே நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் நாவல்பழ நிறத்தில் பதிந்திருந்தன.

"மிதக்கிறது யாரு? நீயா அவனா?"

"நாந்தான் மாஸ்டர்." திருட்டை ஒத்துக்கொள்கிறவள்போலச் சொன்னாள். "சின்னப் பிள்ளையில இருந்தே உண்டு. துணி துவைக்கையில, பாட்டுக் கேக்கையில கொஞ்சம் எந்திரிப்பேன். எங்க அம்மை பாவாடை ஓரத்துல புளியங்கொட்டையை வச்சுத் தச்சு விட்டுருவாக. கல்யாணத்துக்கு அப்புறம் வரவே இல்லை. இங்க வந்து ஆடையில திடீர்னு வந்துட்டு. அவுக பயந்துபோய்க் கையைப் பிடிச்சாக, அவுகளும் கூட வந்துட்டாக."

"அப்புறம் விடவே இல்லை."

"எப்படி விடுவாக? கைதட்டுச் சத்தம் கேட்டுச்சுல்லா." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "வீட்டுலயும் பிடிச்சுக்கிட்டுதான் இருக்காக. தூங்கையில சேலை முந்தியைக் கட்டில் கால்ல முடிஞ்சு போட்டுருதாக. நான் பறந்து போயிருவேனாம்."

"நீ ஏன் உதறிட்டு இறங்கலை?"

"உதறுனா அவுக விழுவாகளே மாஸ்டர். அடிபடும்லா."

ஜெயக்கொடிக்கு எரிச்சல் தலைக்கேறியது. இவள் மேலேயா, அவன் மேலேயா, கைதட்டிய கோடிப் பேர் மேலேயா என்று பிரித்துச் சொல்ல முடியாத எரிச்சல். "ஒரு ஆளைச் சுமந்துக்கிட்டு ஆடுறே, அதான் திரும்புறப்ப இடுப்பு வரமாட்டேங்குது. நான் உன் ஆட்டம் மோசம்னு நினைச்சேன். நீ இன்னும் ஆடவே இல்லை" என்று கத்தியே சொன்னாள். செண்பகவல்லி அதற்கு அழவில்லை. "எல்லாரும் எம்புட்டு உயரம்னுதான் பார்த்தாக. நீங்க ஒருத்தர்தான் தாளத்தைப் பார்த்தீக" என்றாள். வெளியே அழகுராஜ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கையில் இன்னொரு முறை பவுடரை அப்பிக்கொண்டு போனாள்.

பதினோராவது வாரத்து இறுதிச் சுற்றை நேரலையாக, பெரிய உள்விளையாட்டு அரங்கில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்தார்கள். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் எட்வின் முன்னதாகவே வந்து ஜெயக்கொடியின் மேஜையில் பத்து என்று எழுதிய ஒரே ஒரு அட்டையை வைத்துவிட்டு, மற்ற அட்டைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார்.

"மாஸ்டர், பன்னிரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருக்காங்க. உங்களைப் பத்திரமா வெளியே கொண்டுபோற வேலை எனக்கு வேண்டாம். இதைத் தூக்குங்க, சிரிங்க, போயிடுங்க."

"பேசலாமா?"

"நல்லதா ரெண்டு வார்த்தை."

அழகுராஜும் செண்பகவல்லியும் அன்றைக்கு மூன்று ஆள் உயரம் எழும்பினார்கள். கீழே தவில்காரர் வாசிக்க வாசிக்க அவர்கள் பார்வையாளர் தலைகளுக்கு மேலே ஒரு சுற்று வந்தார்கள். பெண்கள் குழந்தைகளைத் தூக்கி அவர்கள் நிழலில் காட்டினார்கள், கிழவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், வசந்தன் அழுத அழுகையில் அவர் மைக் கெட்டுப்போனது. பாட்டு முடிந்து மேடைக்கு மேலே வந்து அவர்கள் அப்படியே நின்றபோது, நடுவில் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடியைப் பார்த்து அரங்கமே 'ஊ' என்று ஊளையிட்டது. அவள் அட்டையைத் தொடவில்லை.

"அழகுராஜ், கையை விடு."

ஊளை ஒரு கணம் நின்று, இரண்டு மடங்காகத் திரும்ப வந்தது.

"ஜோடி ஆட்டம்னா ஒரு இடத்துலயாவது கையை விட்டுத் திரும்பப் பிடிக்கணும். இந்தப் போட்டியோட விதியில இருக்கு. அஞ்சு வாரமா நீ விட்டதே இல்லை. ஒரு தடவை விட்டுக் காட்டு, இந்தப் பத்தை நான் ரெண்டு கையாலயும் தூக்குறேன்."

அவளை அவமானப்படுத்த இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று சனத்துக்குப் பட்டது. முதலில் கோவில்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள்தான் ஆரம்பித்தார்கள்: "விட்டுக் காட்டு மாப்ள!" பிறகு மேல்வரிசை, பிறகு கீழ்வரிசை, பிறகு பன்னிரண்டாயிரம் பேரும் கைதட்டித் தாளம் போட்டு, "விடு, விடு, விடு" என்றார்கள். அந்த அம்மாவின் மூஞ்சியில் கரி பூசு, விடு. அவள் பொச்சரிப்பு அடங்கட்டும், விடு. அழகுராஜின் முகத்தில் வேர்வை ஊறிச் சொட்டி மேடை டைல்ஸில் விழுந்தது. அவன் மனைவியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"விட்டா இவ விழுந்துருவா!" என்று கத்தினான்.

செண்பகவல்லி அதுவரை அந்த மேடையில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் அவன்தான் பதில் சொல்லியிருந்தான். இப்போது அவள் ரவிக்கை ஓரத்தில் குத்தியிருந்த சின்ன மைக் வழியாக, அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற சாதாரணக் குரலில் பேசினாள்.

"நான் விழமாட்டேன். நீங்கதான் விழுவீக. கீழ இறக்கி விடவா?"

கைதட்டு நடுவிலேயே அறுந்தது.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நிறைகுடத்தை இறக்கிவைப்பதுபோல, ஆடாமல் அசையாமல் அவனை இறக்கி மேடையில் நிற்கவைத்தாள். அவன் கால்கள் தரையில் நன்றாகப் பதிந்த பிறகும் அவன் பிடி விடவில்லை. அவள் குனிந்து, தலைகீழாகத் தொங்குகிற வௌவால்போல முகத்தை அவன் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, சுண்டுவிரலில் ஆரம்பித்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கட்டைவிரல் கடைசியாக வந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அவள் ஒரு நிமிஷம் மேலேயே நின்று மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு இல்லாத படிகளில் ஒவ்வொரு படியாக இறங்கி, வலது பாதத்தைத் தரையில் வைத்தாள்.

சத்தம் கேட்டது. ஐந்து வாரமாக யாரும் கேட்காத சத்தம். தவில்காரர் என்ன நினைத்தாரோ, குச்சியை எடுத்தார். செண்பகவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினாள். முதல் ஆவர்த்தனம் தடுமாறியது. இரண்டாவதில் கால் இடம் கண்டுபிடித்தது. மூன்றாவதில் அவள் தரையை மிதித்த மிதியில், அந்தத் தரை ஏதோ பதில் சொல்லவேண்டிய பாக்கி இருக்கிறது என்பதுபோல அரங்கம் அதிர்ந்தது. முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று ஜெயக்கொடியைப் பார்த்தாள். எட்வின் மற்ற அட்டைகளைக் கொண்டுபோயிருந்ததால் ஜெயக்கொடி விரல்களைத் தூக்கிக் காட்டினாள். ஏழு.

யாரும் கைதட்டவில்லை. பெரியதொரு பொருள் கைதவறி உடைந்த வீட்டின் அமைதி அது. அடுத்து யாருடைய தப்பு என்ற கேள்வி வரும். வந்தது. முதல் தண்ணீர் பாட்டில் நடுவர் மேஜையில் விழுந்தது, இரண்டாவது அவள் தோளில். "குடும்பத்தைப் பிரிச்சிட்டியே பாவி!" என்று ஒரு பெண் தொண்டை கிழியக் கத்தினாள். கோப்பையைக் கடலூர் ஜோடியிடம் அவசரமாகக் கொடுத்துவிட்டு விளக்குகளை அணைத்தார்கள். எட்வின் அவளைச் சமையல்கட்டு வழியாக வெளியே கூட்டிப்போய் வேனில் ஏற்றிவிட்டார். அந்த நாற்காலியில் அடுத்த வருஷம் வேறு ஒருவர் உட்கார்ந்தார். அவர் எல்லோருக்கும் ஒன்பது போடுகிறவர்.

சனத்துக்கு நடந்தது எல்லாம் கண்ணெதிரே நடந்ததுதான். ஆனாலும் ஒரு வாரத்துக்குள் அவர்கள் அதைத் தங்களுக்குத் தோதாக மடித்து வைத்துக்கொண்டார்கள். மிதந்தது அழகுராஜ்தான், பெண்ணின் எடை தாங்காமல் இறங்கிவிட்டான் என்றார்கள். ஜெயக்கொடி கண்வைத்ததால் அது போய்விட்டது என்றார்கள். அழகுராஜ் பேட்டிகளில், "பெண்ணுக்குப் பெண்ணே எதிரி" என்று சொல்லி அழுதான். கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே அவன் கடையிலேயே அச்சடித்த பெரிய ஃப்ளெக்ஸ் நின்றது. அதில் அவன் தனியாக, மேகத்துக்கு நடுவில், ஒரு கையை மேலே நீட்டிப் பறந்துகொண்டிருந்தான். அந்தக் கை எதைப் பிடித்திருந்தது என்பதைக் கம்ப்யூட்டரில் அழித்திருந்தார்கள். அது தெரிந்தும் அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

ஜெயக்கொடிக்கு வேலை வரவில்லை. சாலிகிராமத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். போரூர் பக்கம் டிவியே பார்க்காத ஒரு கிழவரின் மாடியில் குடியேறினாள். நாலு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை மீன் மார்க்கெட்டில், மூன்று கடைக்காரிகள் அவளைப் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ள, நாலாவது கடைக்காரி "ஒனக்கு இல்லை, போ" என்று நேராகவே சொல்லிவிட, அவள் வெறும் பையோடு நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மாஸ்டர், நான் செண்பகவல்லி பேசுதேன். மதுரையில இருக்கேன். ஹாஸ்டல்ல தங்கி ஒரு தையல் கம்பெனிக்குப் போறேன்."

"ம். சொல்லு."

"ஏழு போட்டீகளே. மிச்சம் மூணு எங்க போச்சு?"

ஜெயக்கொடி சுற்றும் பார்த்தாள். கடைக்காரிகளும் வாங்க வந்தவர்களும் அவளையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். "இத்தனை நாள் கழிச்சு அதைக் கேக்கத்தான் கூப்பிட்டியா?"

"நிதம் மொட்டைமாடியில ஆடிப் பாக்கேன் மாஸ்டர். எங்க தப்புன்னு பிடிபடலை."

"இப்ப மிதக்கிறியா?"

"கொடியில துணி போடையில மட்டும். கொஞ்சம்போல."

"சரி, எழுதிக்கோ," என்றாள் ஜெயக்கொடி, சொல்ல ஆரம்பித்தாள். தலை எங்கே தாமதமாகத் திரும்பியது, முழங்கை எங்கே செத்துக் கிடந்தது, முதல் ஆவர்த்தனத்தில் பயந்த கோழி மாதிரி ஏன் ஓடினாள் என்று ஒன்றுவிடாமல், ஈவிரக்கமில்லாமல் சொன்னாள். அந்தப் பக்கம் பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது ஆவர்த்தனத்து மிதி வந்தபோது வார்த்தையால் சொல்ல முடியவில்லை. போனை இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, மீன் கழுவிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சிமெண்டுத் தரையில் அந்த நாலு அடியையும் மிதித்துக் காட்டினாள். செதிலும் தண்ணீரும் நாலா பக்கமும் தெறித்தன. முறைத்துக்கொண்டிருந்தவர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாஸ்டர்." அந்தப் பக்கம் பென்சில் உரசல் நின்றது. "ஆனா ரெண்டாவது அடி பிந்திருச்சு."

ஜெயக்கொடி குனிந்து தன் காலைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் மிதித்தாள்.